ஓசூர் முதல் சேலம் வரை: பூமியின் ஆழத்துக்கு ஒரு நெடுஞ்சாலை

மனிதர்கள் இதுவரை பூமிக்குள் போட்ட துளைகளில் மிக ஆழமானது ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970இல் தொடங்கிய அந்த வேலை 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டது. அங்கே வெப்பம் 180 டிகிரி செல்சியஸ். பாறை இளகி, போட்ட துளையே மூடிக்கொள்ளப் பார்த்ததால் அதற்குக் கீழே போக முடியவில்லை. நமக்குப் பக்கத்தில், ஓசூருக்கு வடகிழக்கே கர்நாடக எல்லைக்குள் இருக்கும் கோலார் தங்கவயலில், ஆட்கள் இறங்கி வேலை செய்த ஆழம் சுமார் 3,200 மீட்டர். 2001இல் மூடப்படும் வரை உலகின் ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. ஆனால் நாம் நிற்கும் கண்டத்தின் மேலோடு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. மனிதனின் துரப்பணம் தொட்டது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் அதற்குக் கீழே என்ன பாறை இருக்கிறது, அது எப்படி உருவானது என்பதை எப்படி அறிவது? நிலநடுக்க அலைகளை வைத்துக் கணிக்கலாம். ஆனால் கணிப்பது வேறு, கையில் எடுத்துப் பார்ப்பது வேறு. கையில் எடுத்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. ஒரு காலத்தில் ஆழத்தில் கிடந்த பாறை தானாகவே மேலே வந்திருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். உலகில் அத்தகைய இடங்கள் குறைவு. அவற்றுள் சிறந்த ஒன்றின் மேல்தான் பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் நெடுஞ்சாலை போகிறது.

சரிந்து கிடக்கும் அடுக்கு

இந்தச் சாலையில் தெற்கு நோக்கிப் போகிறவர், ஓசூரின் சுமார் 900 மீட்டர் உயர மேட்டு நிலத்திலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரியின் 500 மீட்டர் சமவெளிக்கு இறங்குகிறார். கண்ணுக்குத் தெரியும் இறக்கம் இது. பாறைகளில் இன்னொரு இறக்கம் இருக்கிறது. அது மிகப் பெரியது. பெங்களூருவுக்குத் தென்மேற்கே இருக்கும் பாறைகள் ஒரு காலத்தில் தரைக்கு 18, 20 கிலோமீட்டர் கீழே கிடந்தவை. சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலைப் பாறைகளோ 25 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வெந்தவை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கிருஷ்ணகிரி.

ஜவுளிக் கடையில் அடுக்கி வைத்த சேலைகள் ஒரு பக்கமாகச் சரிந்தால், அடியில் இருந்த சேலையின் ஓரம்கூடக் கண்ணில் படும். தென்னிந்திய நிலமும் அப்படித்தான் சரிந்திருக்கிறது. வடக்குப் பக்கம் குறைவாகவும் தெற்குப் பக்கம் அதிகமாகவும் மேலெழும்ப, மழையும் காற்றும் ஆறுகளும் மேலிருந்ததை அரித்துக்கொண்டு போயின. பாரம் குறையக் குறைய மேலோடு இன்னும் உயர்ந்தது. இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்த பிறகு, மேலோட்டின் நடுப்பகுதி வடக்கிலும் அடிப்பகுதி தெற்கிலுமாகத் தரை மட்டத்துக்கு வந்து சேர்ந்தன. செங்குத்தாக இறங்கிப் பார்க்க வேண்டியதை இன்று கிடைமட்டமாகப் பயணம் செய்து பார்க்கலாம்.

ஆழத்தை எப்படி அளந்தார்கள் என்று கேட்கலாம். பாறைக்குள் இருக்கும் கனிமங்களே அதைச் சொல்கின்றன. கார்னெட்டும் ஃபெல்ஸ்பாரும் பைராக்சினும் அக்கம்பக்கமாக வளரும்போது, இரும்பு, மெக்னீசியம், கால்சியம் போன்ற தனிமங்களை ஒன்றோடொன்று பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கீடு வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப மாறும். ஆய்வகத்தில் அதே அழுத்தத்தையும் வெப்பத்தையும் உண்டாக்கி அளந்து வைத்த கணக்கோடு ஒப்பிட்டால், எந்த ஆழத்தில் எத்தனை டிகிரியில் அந்தக் கனிமங்கள் உருவாயின என்பது தெரியும். இந்தப் பகுதிப் பாறைகள் சொல்லும் வெப்பம் 700 முதல் 800 டிகிரி. அழுத்தம், கடல் மட்டத்தில் நம் மேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 5,000 முதல் 8,000 மடங்கு.

வடக்கே பெரும்பாலும் தெரிவது சாம்பல் நிறத்தில் வரிவரியாக இருக்கும் நைஸ் பாறை. பெங்களூரு லால்பாக்கில் கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் பாறை இந்த வகைதான். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை கொண்ட அதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அந்த வரிகள் குழம்பி, இளஞ்சிவப்பும் கருப்புமாகச் சுழிக்கத் தொடங்கும். கல் வியாபாரத்தில் ‘பாரடைசோ’ என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போகும் கிருஷ்ணகிரிக் கல்லின் அழகு அந்தச் சுழிப்புதான். பாறை பாதி உருகிய நிலையில் உறைந்துபோனதன் தடயம் அது. இளஞ்சிவப்பாகத் தெரிவது உருகி ஓடிய பகுதி. கருப்பாகத் தெரிவது உருகாமல் தங்கிவிட்ட பகுதி. கண்டங்களின் மேற்பகுதியில் இருக்கும் கிரானைட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்ற பெரிய கேள்விக்கு, ஒரு வீட்டுச் சமையல் மேடையின் மேலேயே பதிலின் ஒரு துண்டு மெருகேற்றிக் கிடக்கிறது.

தர்மபுரியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்தை நெருங்கும்போது பாறையின் நிறமே மாறிவிடும். உடைத்த முகம் பச்சை கலந்த கருமையாக, எண்ணெய் தடவியது போல மினுங்கும். அதுதான் சார்னோகைட். சேர்வராயன் மலை முழுக்க இதுவே.

தண்ணீர் எங்கே போனது?

சார்னோகைட்டுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு கல்லறையிலிருந்து. கல்கத்தா நகரின் தொடக்கத்தோடு பேசப்படும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல். அதை ஆராய்ந்து 1893இல் எழுதிய புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். 1900இல் அவர் இந்தப் பாறை வரிசையைப் பற்றி விரிவான நூலையும் வெளியிட்டார். இன்று அண்டார்டிகாவிலும் நார்வேயிலும் பிரேசிலிலும் இதே வகைப் பாறையைக் கண்டால் உலகத்தார் சொல்வது அந்தப் பெயரைத்தான். பரங்கிமலைப் பாறையும் இப்போது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

ஹாலண்ட் சார்னோகைட்டை நெருப்புக் குழம்பு உறைந்து வந்த பாறை என்று கருதினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு காட்சி கிடைத்தது. ஓசூருக்கு மேற்கே, கனகபுரா பக்கம் கப்பாளதுர்கா என்ற குன்றின் அடியில் இருக்கும் ஒரு குவாரியில், சாம்பல் நைஸுக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சார்னோகைட் படர்ந்திருப்பதைப் புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து கண்டார். நைஸின் வரிகள் திட்டுக்குள் நுழைந்து மங்கி மறைந்தன. ஒரு பாறை இன்னொரு பாறையாக மாறிக்கொண்டிருக்கும் கட்டம் அப்படியே உறைந்து நின்றது. 1960இல் நேச்சர் இதழில் இரண்டு பக்கங்களில் அவர் அதை எழுதினார். அதற்குப் பிறகு அந்தச் சிறிய குவாரிக்கு உலகின் பல நாடுகளிலிருந்து பாறையியலாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

மாற்றத்தின் வேதியியல் இதுதான். சாம்பல் நைஸில் பயோடைட் என்ற கருப்பு மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் இருக்கின்றன. இவ்விரண்டின் படிகக் கட்டமைப்பிலும் தண்ணீரின் கூறு அடங்கியிருக்கிறது. இவை குவார்ட்ஸோடு சேர்ந்து வெந்தால், தண்ணீர் இல்லாத ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் பிறக்கும். தண்ணீர் பிரிந்து போகும். சார்னோகைட் என்பது உலர்ந்துபோன நைஸ். அப்படியானால் தண்ணீரை வெளியேற்றியது எது?

1979இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். ஜனார்தனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நியூட்டனும் சகாக்களோடு ஒரு விடை சொன்னார்கள். ஆழத்திலிருந்து ஏறிய கார்பன் டை ஆக்சைடு, பாறையின் இடுக்குகளில் இருந்த தண்ணீரை நீர்க்கச் செய்து வெளியே தள்ளியது என்றார்கள். குவார்ட்ஸ் மணிகளுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய குமிழிகளில் அந்த வாயு இருப்பது அதற்குச் சான்றாக நின்றது. சிலர் இதை ஏற்கவில்லை. பாறை பாதி உருகும்போது தண்ணீரெல்லாம் அந்தக் குழம்பில் கரைந்து போய்விடும், வெளியிலிருந்து வாயு வரத் தேவையில்லை என்றார்கள். 1990களின் இறுதியில் நியூட்டன் தரப்பே இன்னொரு பொருளையும் சேர்த்துக்கொண்டது: அடர்ந்த உப்புக் கரைசல். அதுவும் தண்ணீரின் வீரியத்தைக் குறைக்கும். அதோடு கார்பன் டை ஆக்சைடால் கரைத்துச் சுமக்க முடியாத தனிமங்களையும் சுமந்து போகும்.

இந்த விவாதத்தின் பெரிய சோதனைக் களமாக அமைந்தது கிருஷ்ணகிரி முதல் சேலம் வரையிலான பகுதி. 1995இல் ஹேன்சன், நியூட்டன், ஜனார்தன், லிண்டன்பெர்க் நால்வரும் இந்தப் பகுதியின் மேலோட்டு வரலாற்றை ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். வடக்கே சாதாரண அளவில் இருக்கும் ருபிடியம் என்ற தனிமம் தெற்கே சேர்வராயன் பக்கம் மிகவும் குறைந்துவிடுகிறது. 2005இல் ஹார்லோவும் ஹேன்சனும் இதே பாதையில் எடுத்த கற்களை ஆராய்ந்தபோது, வடக்கே இருக்கும் டைட்டனைட் என்ற கனிமம் தெற்கே போனதும் காணாமல் போவதையும், அதன் டைட்டானியம் இல்மனைட்டில் சேர்வதையும் காட்டினார்கள். நிலத்தின் மேல் ஒரு கோட்டை வரைந்து, இந்தக் கனிமம் இதுவரைதான் என்று சொல்லும் அளவுக்கு ஒழுங்கான மாற்றம் அது.

ருபிடியம் குறைவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வெப்பத்தை உமிழும் கதிரியக்கத் தனிமங்களான யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவையும் மேலோட்டின் அடியிலிருந்து மேலே நகரக்கூடியவைதான். அடிப்பகுதியில் அவை மிகுந்து தங்கியிருந்தால், கண்டத்தின் அடிவாரம் என்றைக்கும் சூடாகவும் இளகியும் கிடக்கும். மேலே போனதால் அடிப்பகுதி குளிர்ந்து இறுகியது. தென்னிந்தியாவின் இந்தப் பகுதி இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பெரிய அளவில் குலையாமல் நிற்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஓர் ஒழுங்கமைவு இருக்கிறது. ஒரு கண்டம் எப்படி நிலைபெறுகிறது என்ற கேள்விக்கான பக்கங்கள் நம் பேருந்து வழித்தடத்தில் கிடக்கின்றன.

காலத்தைச் சொல்லும் மணி

இதெல்லாம் எப்போது நடந்தது? பாறையைப் பொடித்துச் சலித்து, கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் சிர்கான் மணிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். சிர்கான் உருவாகும்போது தனக்குள் கொஞ்சம் யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடும். பிறகு உள்ளே இருக்கும் யுரேனியம் சீராகச் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. யுரேனியம் 235 பாதியாக 70 கோடி ஆண்டு. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுவதால் ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்க முடிகிறது. மணியின் நடுப்பகுதி பாறை பிறந்த காலத்தையும், பிறகு வெந்தபோது மேலே வளர்ந்த ஓரம் அந்த வேக்காட்டின் காலத்தையும் சொல்லும்.

1993இல் பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியூகாவும், பெங்களூருப் பல்கலைக்கழகத்தின் மகாபலேஸ்வர், ஜெயானந்தா இருவரும் கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகளின் வயதை வெளியிட்டார்கள். நெருப்புக் குழம்பாக அவை பிறந்ததும், பிறகு ஆழத்தில் வெந்ததும் இரண்டுமே சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், ஒன்றையொன்று நெருங்கி நடந்திருக்கின்றன. கர்நாடகத்தின் மேற்கே கோரூர், ஹாசன் பக்கம் இருக்கும் நைஸ் பாறைகள் இவற்றைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தவை. ஆக, தென்னிந்தியக் கண்டத்துண்டு ஒரே நாளில் உருவானதல்ல. பழைய கருவுக்குக் கிழக்கே புதிய நிலம் வந்து சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த பகுதியில்தான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருக்கின்றன.

ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பத்திலிருந்து பழனி வரை தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் நில அதிர்வு அலைகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, இன்றைக்கும் இந்த நிலத்தின் மேலோடு 40 கிலோமீட்டருக்கு மேல் தடிமனாக இருப்பது தெரிந்தது. மேலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அதிகமாக அரித்துப்போன பிறகும் கீழே இவ்வளவு மீதி இருக்கிறதென்றால், அந்தக் காலத்தில் இங்கே இன்றைய இமயமலை அளவு தடித்த மேலோடு இருந்ததா? அல்லது பிற்காலத்தில் அடியில் புதிதாகக் குழம்பு வந்து ஒட்டிக்கொண்டதா? முதுகலை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி இது.

ஆலைக்குள் ஒரு கருங்கல்

ஓசூர் சிப்காட்டில் பாகங்களை மைக்ரான் கணக்கில் அளக்கும் பட்டறை எதற்குள் நுழைந்தாலும், அளவுச் சோதனை அறையில் கருப்பாக, வழவழப்பாக, ஒரு கல் மேடை இருக்கும். சர்ஃபேஸ் பிளேட் என்பார்கள். துருப்பிடிக்காது, வெப்பம் ஏறி இறங்கினால் இரும்பைவிடக் குறைவாகவே விரியும், அடிபட்டால் மேடு தட்டாமல் சிறு துகளாக உதிர்ந்துவிடும். வியாபாரத்தில் கருப்பு கிரானைட் என்று விற்கும் இந்தக் கல், புவியியலின்படி டோலரைட். கிருஷ்ணகிரி, தர்மபுரி, பெங்களூரு வட்டாரங்களில் பழைய நைஸைக் கிழித்துக்கொண்டு நேர்கோடுகளாக ஓடும் கருஞ்சுவர்கள் அவை. பாறையில் ஏற்பட்ட விரிசல்களில் ஆழத்துக் குழம்பு ஏறி உறைந்ததால் உண்டானவை.

டொராண்டோவின் ஹென்றி ஹால்ஸும் ஐதராபாத்தின் அனில் குமாரும் சகாக்களும் 2007இல், பெங்களூருவைச் சுற்றிக் கிழக்கு மேற்காக ஓடும் இப்படிப்பட்ட சுவர்கள் ஏறக்குறைய 237 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே நிகழ்வில் உண்டானவை என்று காட்டினார்கள். பல நூறு கிலோமீட்டர் பரந்த பெரும் வெடிப்புத் தொகுதி அது. இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். இந்தக் கல்லின் ஃபெல்ஸ்பார் படிகங்கள் தெளிவாக இல்லாமல், மிக நுண்ணிய இரும்புத் தாதுத் துகள்களால் கலங்கியிருக்கின்றன. தெற்கே போகப் போகக் கலங்கல் கூடுகிறது. தெற்கே இருக்கும் சுவர்கள் அதிக ஆழத்தில், அதிக வெப்பத்தில் நெடுங்காலம் கிடந்ததன் அடையாளம் இது. நைஸும் சார்னோகைட்டும் சொன்ன அதே சரிவை, பின்னால் வந்த இந்தக் கருங்கல்லும் சொல்கிறது. ஃபெல்ஸ்பார் வெளுத்து நிற்காமல் கல் முழுவதும் ஒரே கருப்பாகத் தெரிவதற்கும் இந்தக் கலங்கல் துணைசெய்கிறது. ஏற்றுமதி விலையை நிர்ணயிக்கும் நிறத்துக்குள் ஒரு கண்டத்தின் எழுச்சி எழுதப்பட்டிருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு மூலையில், ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் சாமல்பட்டி இருக்கிறது. அங்கே இருப்பது கார்பனடைட்: பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்பைப் போல ஏறி வந்து உறைந்த சுண்ணாம்பு வகைப் பாறை. உலகில் மிக அரிதான வகை இது. சீனாவின் பாயன் ஓபோவிலும் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸிலும் அருமண் தனிமங்களைத் தருவது கார்பனடைட் சார்ந்த பாறைகள்தான். அதே மாவட்டத்தில், போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும், மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. அவற்றின் மோட்டாருக்குள் சுழலும் காந்தத்துக்கு நியோடிமியம் போன்ற அருமண் தேவை. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகன ஆலைகள் திணறின. சாமல்பட்டியில் வெட்டியெடுக்கும் அளவுக்கு அருமண் இருக்கிறது என்று இதற்குப் பொருளல்ல. எங்கே, எவ்வளவு, எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது, எடுத்தால் நிலத்துக்கும் நீருக்கும் என்ன ஆகும் என்று சொல்லக்கூடிய அறிவு ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

கிணற்றில் கரையும் பாறை

இந்தப் பாறையியல் வீட்டுக்குள் நுழையும் இடம் குடிநீர்க் குடம். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவு மிகுதி. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

ஃபுளோரைடு பாறையிலிருந்து வருகிறது. ஆழத்தில் வெந்தபோது தண்ணீரின் இடத்தில் ஃபுளோரினைப் பிடித்துக்கொண்ட அதே பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் கனிமங்கள்தான் அதற்கு மூலம். மழைநீர் மண்ணில் இறங்கும்போது மண்ணின் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். இந்த வறண்ட நிலத்திலோ கால்சியம் முன்னதாகவே மண்ணில் வெள்ளை வெள்ளையான சுண்ணாம்பு முடிச்சுகளாகப் படிந்துவிடுகிறது. தடுக்க ஆளில்லாத ஃபுளோரைடு நீரிலேயே தங்குகிறது. நீர் பாறையோடு எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு மிகும்.

இங்கேதான் ஆழ்துளைக் கிணறு வருகிறது. உடையாத நைஸுக்குள் நீர் தங்க இடமில்லை. மேலே மக்கிய பாறையிலும், கீழே விரிசல்களிலும்தான் நீர் இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரம் அடிக்குக் கீழே போய் ஒரு விரிசலைத் தொட்டால், கிடைப்பது பொதுவாக நெடுங்காலம் பாறைக்குள் கிடந்த நீர். அதை உறிஞ்சி எடுத்த பிறகு மீண்டும் நிறைய எத்தனை ஆண்டாகும் என்பது அந்த விரிசல் மேலே எங்கே திறக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு தொழிற்பேட்டையின் கழிவு நீர் அப்படித் திறந்த விரிசலில் இறங்கினால், மணலில் வடிகட்டப்படுவது போல எதுவும் நடக்காது. விரிசல் போகும் ஊருக்கு அப்படியே போய்ச் சேரும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2008இல் தொடங்கி, 2013 முதல் காவிரி நீரை இந்த இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவருகிறது. இந்த மக்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை அது. ஆனால் குழாயில் நீர் வராத நாளில் ஊர் மறுபடி போர்வெல்லுக்குத்தான் போகும். எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எதைப் பாசனத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், எந்த ஓடையில் தடுப்பணை கட்டினால் எந்த விரிசல் நிறையும் என்பதை நீர்ப் புவியியல் படித்தவர் சொல்ல முடியும். குச்சியைப் பிடித்து நீரோட்டம் பார்ப்பவரால் அதைச் சொல்ல முடியாது.

படிப்பு இங்கே வேரூன்ற வேண்டும்

புவியியலின் உயர்படிப்பு எப்படி இருக்கும்? கோடையில் வெயிலில் நடந்து, திசைமானியும் சுத்தியலும் கைவில்லையும் கொண்டு ஒரு பகுதியை வரைபடமாக்குவதில் அது தொடங்குகிறது. எடுத்து வந்த கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். முனைவாக்க நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் கருங்கல்லுக்குள் ஒளிந்திருந்த நிறங்கள் விரியும். பிறகு எலெக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவி, நிறைமானி, கணினிக் கணக்கு. இளநிலைப் படிப்புக்குப் பின் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் முதுகலை சேரலாம். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்திலும், சென்னையில் சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை இருக்கிறது. எல்லைக்கு அந்தப்பக்கம் மைசூரும் பெங்களூருவும் இதில் நீண்ட மரபு கொண்டவை. கேட், நெட் தேர்வுகள் ஆராய்ச்சிக்கு வழிதிறக்கும். 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு நடத்துகிறது.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பிள்ளைகள் பொறியியலுக்கும் ஐ.டி.ஐ.க்கும் போவது இயல்பு. ஆலை பக்கத்திலேயே இருக்கிறது, வேலை கண்ணுக்குத் தெரிகிறது. பாறையும் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அதில் இருக்கும் வேலை கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன ஆய்வுகளைத் திரும்பிப் பாருங்கள்: சிகாகோ, ரென், டொராண்டோ, மைசூர், பெங்களூரு, ஐதராபாத். அவர்கள் எல்லாரும் வந்து படித்துப் போனது நமக்குப் பெருமை. அந்த வரிசையில் பர்கூர், வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பள்ளிகளில் படித்துப் போனவர்களும் நிறைய வேண்டும். தன் ஊரின் கிணறு எந்த ஆழத்தில் வற்றியது, எந்த ஓடைக் கரையில் எந்த நிறக் கல் தெரிகிறது என்பதைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர் கேட்கும் கேள்வி, வெளியிலிருந்து வருகிறவருக்குத் தோன்றாது.

இதற்கு மூன்று காரியங்கள் உடனே செய்யலாம். முதலாவது, ஒவ்வொரு ஆழ்துளைக் கிணறு போடும்போதும் எத்தனை அடியில் எந்தப் பாறைத் தூள் வந்தது, எந்த ஆழத்தில் நீர் வந்தது என்பதைப் பதிந்து ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். மாவட்டம் முழுக்க இத்தனை துளைகள் போட்டும் அந்தத் தகவல் புழுதியோடு போய்விடுகிறது. இரண்டாவது, கிருஷ்ணகிரி முதல் சேலம் வரை சாலையோரப் பாறை முகப்புகளில் முக்கியமான சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, லால்பாக்கையும் பரங்கிமலையையும் போலப் பாதுகாக்க வேண்டும். புவிப் பாரம்பரிய இடங்களைக் காக்கும் சட்ட வரைவு 2022இல் வெளியானது. அப்படியொரு சட்டத்தின் நிழலில் இந்த நெடுஞ்சாலையும் வர வேண்டும். மூன்றாவது, டைமண்ட் வயர் கொண்டு சீராக அறுத்த குவாரிச் சுவர்களைப் போலத் தெளிவான பாறை முகம் ஆய்வாளருக்கு வேறெங்கும் கிடைக்காது. பிச்சமுத்துவின் கண்டுபிடிப்பே குவாரியில் கிடைத்ததுதான். உரிமம் முடியும் ஒவ்வொரு குவாரியிலும் ஒரு முகத்தையாவது மூடாமல், உடைக்காமல், மாணவர்கள் பத்திரமாக நின்று படிக்கும்படி விட்டுவைக்க வேண்டும்.

மரம் வெட்டினால் நட்டு வளர்க்கலாம். 250 கோடி ஆண்டுப் பாறையை வெட்டி அனுப்பிவிட்டால் திரும்பி வராது. வெட்டவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கல்லை நம்பி வாழ்கின்றன. ஆனால் வெட்டுவதற்கு முன் படித்துவிட வேண்டும். படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவது பல்கலைக்கழகங்களின் கடமை. அவர்கள் வரைந்து தரும் வரைபடத்தைப் பார்த்த பிறகே குவாரியும் தொழிற்பேட்டையும் குடிநீர்க் கிணறும் எங்கே என்று முடிவு செய்வது அரசின் கடமை.